பட்டன் எதுக்குன்னு கேட்டா முறைப்பாங்க

"இந்த ஸ்க்ரீன்ல ஒரு பட்டன் வேணும்" என்பார் க்ளையண்ட். எதுக்குன்னு கேட்டா முறைப்பார். ஆணி புடுங்குற மக்கள் அனைவரும் அறிந்ததே. அந்த 'எதுக்கு'க்கு ஒரு சரித்திரம் இருக்குங்க.

1992 அக்டோபர் 26. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை காகிதச் சீட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, கம்ப்யூட்டரே வண்டியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் முறைக்கு ஒரே நாளில் மாறியது. குறிக்கோளில் தப்பே சொல்ல முடியாது: நூற்றுக்கு 95 அழைப்புகளுக்கு 14 நிமிஷத்துக்குள் வண்டி போய்ச் சேரணும்.

நடந்தது வேற. எந்த வண்டி எங்கே நிக்குது, காலியா இல்லையா என்பதே சிஸ்டத்துக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரே ஆளுக்கு ரெண்டு வண்டி போச்சு. பக்கத்து வண்டி சும்மா நிக்க, தூரத்து வண்டி கிளம்புச்சு. எச்சரிக்கைகள் குவிந்து திரையை விட்டே ஓடிப்போயின. வண்டி வராத ஜனங்க திரும்பத் திரும்ப போன் அடிக்க, நெரிசல் இன்னும் ஏறியது. 28ஆம் தேதி தலைமை நிர்வாகி ஜான் வில்பி ராஜினாமா. நவம்பர் 4 அதிகாலை சிஸ்டம் மொத்தமா படுத்துடுச்சு. (புரோகிராமர் மறந்துவிட்டுப்போன துண்டு கோடு ஒன்று மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டிருந்ததாம்!)

1993இல் டார்டென், வான் லாம்ஸ்வேர்டே, ஃபிக்காஸ் மூவரும் 'காவோஸ்' என்ற முறையை விரிவாக எழுதினார்கள். நிறுவனத்தின் குறிக்கோளை உச்சியில் வை. 'எப்படி' என்று கேட்டுக் கீழே இறங்கு, 'ஏன்' என்று கேட்டு மேலே ஏறு. ஒவ்வொரு நுனியையும் யாராவது ஒருத்தர் தலையில் கட்டு. மென்பொருள் தலையில் விழுந்தால் அது தேவை. மனுஷன் தலையில் விழுந்தால் அது வெறும் எதிர்பார்ப்பு.

இதே லண்டன் கதையை 2001இல் எம்மானுவேல் லெட்டியே தன் முனைவர் ஆய்வில் எடுத்துக்கொண்டார். 14 நிமிஷத்திலிருந்து இறங்கிப் பாருங்க: கிட்ட இருக்கும் வண்டியை அனுப்பணும், அதுக்கு வண்டி நிக்கிற இடம் தெரியணும், அதுக்கு ஊழியர் வரிசை தப்பாமல் பட்டனை அமுக்கணும், ரேடியோ எல்லா இடத்திலும் எடுக்கணும். கடைசி ரெண்டும் எதிர்பார்ப்பு. லண்டனில் சறுக்கியதும் அங்கேதான். விசாரணை அறிக்கையும் இதைத்தான் சொன்னது: வண்டி பற்றிய தகவல் கிட்டத்தட்ட குறையே இல்லாமல் வரும்னு நம்பிக் கட்டிய சிஸ்டம்.

1996இல் லண்டன் மறுபடி கம்ப்யூட்டருக்குப் போனது. இந்தத் தடவை சொந்த ஆட்களை வைத்து, படிப்படியாக. முதலில் அழைப்பு வாங்கும் வேலை மட்டும்.