ஹோல்கம் கோக்: நிலமும் நாடாளுமன்றமும்

தாமஸ் வில்லியம் கோக் (1754–1842) இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்து மணற்பாங்கான நிலத்தை விளைநிலமாக்கியவர் என வேளாண் வரலாறு போற்றுகிறது. அரசியல் வரலாறோ அவரை விக் கட்சியின் நெடுங்கால உறுப்பினர்களுள் ஒருவராகக் குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே பார்ப்பது பொருந்தாது. வேளாண் புகழே அவருடைய அரசியல் செல்வாக்குக்கு உரமாயிற்று.

தந்தை வென்மன் கோக் 1776-இல் இறந்ததும் ஹோல்கம் பண்ணையும் அவர் வகித்த நார்ஃபோக் தொகுதியும் ஒருசேர மகனுக்கு வந்தன. அமெரிக்க விடுதலைப் போரை எதிர்த்த கோக், விக் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸின் அணியில் நின்றார். 1784 தேர்தலில் ஃபாக்ஸின் எதிரணியான பிரதமர் பிட்டுக்கு ஆதரவான அலை வீசியபோது போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. 1790-இல்தான் மீண்டும் அவை புகுந்தார். மாவட்டத் தொகுதிகளில் அன்று ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் சொந்த நிலம் உடையவருக்கே வாக்குரிமை இருந்தது. ஆண்டுக்கணக்கில் குத்தகை எடுத்தோருக்கு அவ்வுரிமை 1832-க்குப் பின்னரே கிடைத்தது. எனவே பெரும் பண்ணை மட்டும் வெற்றிக்குப் போதாது. அண்டை நிலவுடைமையாளரின் நல்லெண்ணமும் வேண்டியிருந்தது.

அதை ஈட்டித் தந்த களங்களுள் ஒன்று, 1821 வரை ஹோல்கமில் நடந்துவந்த ஆட்டு உரோமக் கத்தரிப்பு விழா. குத்தகையாளர் கூட்டமாகத் தொடங்கிய இது, வெளிநாட்டினரும் வந்துசெல்லும் பெருநிகழ்வாக வளர்ந்தது. பகலில் விருந்தினர் சவுத்டவுன் செம்மறிகளையும் டெவன் மாடுகளையும் விதைப்புக் கருவிகளையும் பார்வையிட்டனர். பின்னர் மாளிகையில் விருந்தும் வாழ்த்துரைகளும் பரிசளிப்பும் நடந்தன. விக் பிரமுகர்கள் உழவரோடு ஒரே பந்தியில் அமர்ந்த அவ்விடத்தில் உழவையும் கட்சியையும் பிரிக்க இயலாது.

இப்புகழில் மிகையும் கலந்திருந்தது. கோக் வருமுன் அப்பகுதியில் கோதுமையே விளையவில்லை என்ற கதையைப் பண்ணை ஆவணங்கள் ஏற்பதில்லை. நீண்டகாலக் குத்தகை, டர்னிப் சாகுபடி, சுண்ணாம்புக் களிமண் இடுதல் ஆகியவை அவர் பிறக்குமுன்பே அங்கு வழக்கில் இருந்தன என வரலாற்றாசிரியர் ஆர். ஏ. சி. பார்க்கர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கோக்கின் பங்கு வேறு: அவர் 21 ஆண்டுக் குத்தகையைப் பயிர்ச் சுழற்சி நிபந்தனைகளோடு பரவலாக்கினார், குத்தகையாளர் துணிந்து முதலிட அது வழிவகுத்தது, கண்ட பலனை ஊரறியச் செய்தார்.

அச்செல்வாக்குக்கும் எல்லை இருந்தது. வாக்காளருக்கு விருந்தளித்ததாக எழுந்த முறையீட்டால் 1806-இல் அவர் பெற்ற வெற்றி செல்லாததாயிற்று. 1815-இல் வெளிநாட்டுத் தானிய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய தானியச் சட்டத்தை ஆதரித்ததற்காக நார்விச் நகரில் மக்கள் கூட்டம் அவரைத் தாக்கியது. ரொட்டி வாங்கி உண்ட நகரத்தாருக்கும் தானியம் விற்ற நிலவுடைமையாளருக்கும் நலன் ஒன்றல்ல என்பது அங்கு வெளிப்பட்டது.

வாக்குரிமையை விரிவாக்கிய 1832 நாடாளுமன்றச் சீர்திருத்தத்தை ஆதரித்த பின் கோக் அவையிலிருந்து ஓய்வு பெற்றார். 1837-இல் லெஸ்டர் பிரபு ஆனார். அவர் மறைவுக்குப் பின் நன்கொடையால் ஹோல்கமில் எழுந்த நினைவுத்தூணின் அடியில் எருதும் ஆடும் கலப்பையும் விதைப்புக் கருவியும் செதுக்கப்பட்டுள்ளன. குத்தகை வழங்கும் காட்சியும் உண்டு. நிலவுடைமையாளர்–குத்தகையாளர் உறவை இருதரப்புக்கும் ஆதாயமான நட்பாகக் காட்டும் இச்சித்திரமே கோக் வாழ்நாள் முழுதும் முன்வைத்த அரசியல்.