வாச்சாத்தி: எழுத்தறிவும் சிறைக்கணக்கும்

பள்ளிக்கூடங்கள் பெருகினால் சிறைச்சாலைகள் குறையும் என்பது மேடைகளில் கேட்டுப் பழகிய வாதம். அதற்குச் சான்றாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களைக் காட்டுவார்கள்: சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுத்தறியாதவர், படித்தும் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள் மேலும் சுமார் 40 விழுக்காடு. இந்த எண்கள் யார் குற்றம் செய்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. யார் எளிதில் அகப்படுகிறார்கள் என்பதைத்தான் சொல்கின்றன. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்து வாச்சாத்தியை வைத்து இதை நிறுவலாம்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேர், காவலர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் என 269 பேர் சித்தேரி மலையடியிலிருந்த இந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தனர். வீடுகளை நொறுக்கினர், ஒரு சிறுமி உட்பட 18 பெண்களை வன்புணர்ந்தனர். 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் கைதாகிச் சேலம் மத்திய சிறைக்குப் போனார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கிற மாதம் அது.

அந்த ஜூன் மாதச் சிறைப் பதிவேட்டை மட்டும் ஓர் ஆய்வாளர் புரட்டியிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? படிப்பு வாய்க்காத மலைமக்கள், எனவே குற்றம் என்று எழுதியிருப்பார். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. ஊருக்குள் புகுந்த 269 பேரில், வழக்கு நடந்த காலத்தில் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் நால்வர் இந்திய வனப்பணி அதிகாரிகள், அதாவது நாட்டின் மிகக் கடினமான தேர்வுகளில் ஒன்றின் வழியே ஆளெடுக்கும் பணியைச் சேர்ந்தவர்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் இத்தீர்ப்பை உறுதி செய்தது. படித்தவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல நீதிமன்றத்துக்கு 19 ஆண்டு பிடித்தது. படிக்காதவர்களை உள்ளே தள்ள அந்தத் தாமதம் ஏதும் தேவைப்படவில்லை.

சிறையும் பள்ளியும் மனிதரைக் கண்காணித்துத் திருத்தும் ஒரே முறையின் உறுப்புகள் என்று 1975இல் வாதிட்டார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ. நம் ஆய்வுலகம் அதை ஏறக்குறைய மந்திரம்போல் ஓதிவருகிறது. வாச்சாத்திக்கு அது பொருந்தவில்லை. திருத்தி வார்ப்பதற்காக ஊர்மக்கள் சேலத்துக்குக் கொண்டுபோகப்படவில்லை. நடந்ததைக் கண்ட கண்களை ஊரிலிருந்து அப்புறப்படுத்தும் இடமாகவே சிறை பயன்பட்டது என்பது என் வாசிப்பு.

28 குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கலானது. சிறாரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமே சொல்லியிருந்தது. தாயுடன் சிறையில் வாழும் குழந்தைகளுக்குக் காப்பகமும் மழலையர் கல்வியும் தரவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2006இல் வழிகாட்டியது. ஆனால் ஆறு வயது வரைதான். ஏழு வயதுப் பிள்ளை வெளியே நிற்கிறது, தாய் உள்ளே இருக்கிறாள். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த (68.5 விழுக்காடு) இந்த மாவட்டத்தில், அந்தப் பிள்ளை பள்ளியிலிருந்து நின்றால் அது இடைநிற்றல் கணக்கில்தான் சேரும், காரணம் சிறை என்று எங்கும் பதிவாகாது.

இன்று மத்திய சிறைகளில் கைதிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடமும் படிக்கிறார்கள். வரவேற்கலாம். ஆனால் தாய் தகப்பனை ரிமாண்ட் செய்யும் நடுவர், அவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்டு உத்தரவிலேயே பதிந்து, தலைமை ஆசிரியருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் அன்றே தெரிவிப்பது அதைவிட அவசரம், செலவும் அதிகமில்லை.