அழியா வித்தும் நுண்ணுயிர்ப் பகுப்பும்

உயிர்களை இனம்பிரித்துப் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்கள் பலவற்றை 1767-ஆம் ஆண்டில் ‘குழப்பம்’ என்று பொருள்படும் பெயரின்கீழ்ச் சேர்த்துவைத்தார். அக்குழப்பம் தெளிய நூறாண்டுக்கு மேலாயிற்று.

தெளிவித்தோருள் முதன்மையானவர், பிரெசுலாவ் நகரப் பயிர்நூற் பேராசிரியர் பெர்டினாந்து கோன் (1828–1898). பாக்டீரியாக்கள் ஒன்று மற்றொன்றாக மாறும் என்று பலர் கருதிய காலம் அது. கோன் அவற்றிடையே நிலையான இனங்கள் உண்டு எனக் கொண்டு, 1872-இல் உருண்டை, குறுங்கோல், நீள்கோல், சுருள் என உருவம்பற்றி நால்வகைப்படுத்தினார்.

அந்நாளில் அறிஞரிடையே வேறொரு வழக்கும் நிகழ்ந்தது. உலர்ந்த புல் ஊறிய நீரைக் கொதிக்கவைத்து அடைத்துவைத்தாலும், சின்னாளில் அதில் கோலுயிர்கள் மலிந்தன. கொதிநீரில் உயிர் எஞ்சாதாகலின் இவை தாமே தோன்றின என்றனர் ஒரு சாரார். உயிர் உயிரினின்றே பிறக்கும் என்ற பாசுடரின் கொள்கைக்கு இது பெருந்தடையாயிற்று.

விடையை 1876-இல் கோன் வெளியிட்டார். வாழ்வு அரிதாகும்போது, கோலினுள்ளே ஒளிரும் முட்டை வடிவான வித்து ஒன்று உருவாகிறது. கொதிநீரும் அதனைக் கொல்லுவதில்லை. நீர் ஆறியதும் முளைத்து மீண்டும் கோலாகிறது. ஒரு கோலுக்கு ஒரு வித்தேயாதலால், அது பெருகுவதற்கன்று, பிழைப்பதற்கே எனலாம்.

அதே ஆண்டு ஏப்ரல் திங்களில், வோல்சுடைன் என்னும் சிற்றூர் மருத்துவர் ராபர்ட் கோக், தம் ஆய்வைக் கோனிடம் காட்டினார். கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் கோலுயிரும் வித்துருவாக்குவதை அவர் கண்டிருந்தார். மேய்ச்சல் நிலத்தில் அந்நோய் ஆண்டுகள் கழித்தும் தலைதூக்குவதன் காரணம் புலப்பட்டது. 1877-இல் இங்கிலாந்தின் ஜான் டிண்டால், இடைவிட்டுப் பன்முறை சூடேற்றி, முளைத்த பின் வித்துகளை அழிக்கும் வழி கண்டார். இன்று அழுத்த நீராவியின் 121 பாகை வெப்பம் அப்பணியை ஒரே முறையில் முடிக்கிறது.

வித்து, பகுப்பிற்கும் அளவுகோலாயிற்று. வித்துருவாக்கும் கோலுயிர்களுள் காற்றில் வாழ்பவை பாசில்லசு என்றும், காற்றை வெறுப்பவை கிளாசுட்ரிடியம் என்றும் பிரிக்கப்பட்டன. எனினும் அவ்வளவுகோலும் முழுமையானதன்று. 1977-இல் கார்ல் ஊசு முதலியோர் மரபுப்பொருளை ஒப்பிட்டு உறவறியும் முறையை நிலைநாட்டினர். அம்முறைப்படி, வித்தே உருவாக்காத லிசுட்டீரியா பாசில்லசின் நெருங்கிய உறவாகிறது.

பகுப்பென்பது கண்டவற்றிற்குப் பெயரிடுவது மட்டுமன்று. கோன் கோலின் உருவோடு நின்றிருந்தால், உள்ளிருந்த வித்தைக் கண்டிருக்கமாட்டார். கொதித்த நீரில் உயிர் தானே பிறக்கிறதென்ற பிழையும் நெடுநாள் வாழ்ந்திருக்கும்.