வெளிறிய மக்களும் இளஞ்சிவப்பு மாத்திரையும்

நோய் நீங்கினாலும் தளர்ச்சி உடனே நீங்குவதில்லை. காய்ச்சல் தணிந்து எழுந்தவனுக்குக் கால் நடுங்குகிறது, உணவு கசக்கிறது. மருத்துவரோ தம் பணி முடிந்ததென்று விடைபெற்றுவிடுகிறார். அந்த இடைவெளியில் வந்து நின்றவர் யார் என்று ஆராயப் புகுந்தால், வாணிக வரலாற்றின் ஒரு பகுதி நமக்குப் புலனாகும்.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் பிராக்வில் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் மருந்து வணிகரான ஜார்ஜ் டெய்லர் ஃபுல்ஃபோர்டு, வில்லியம் ஜாக்சன் என்னும் மருத்துவர் உருவாக்கிய மாத்திரையின் உரிமையை 1890-இல் 53 டாலர் 1 சென்ட் கொடுத்து வாங்கினார். 'டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் பில்ஸ் ஃபார் பேல் பீப்பிள்' என்பது அதன் பெயர். வெளிறிய மக்களுக்கான இளஞ்சிவப்பு மாத்திரை என்பது பொருள். பகர மோனை அமைந்த அப்பெயர் ஒருமுறை கேட்டவர் நாவிலும் நிலைத்துவிட்டது.

காலமும் வணிகருக்குத் துணை நின்றது. 1889-90 ஆண்டுகளில் இன்ஃப்ளுயென்சா என்னும் கொள்ளைக் காய்ச்சல் உலகைச் சுற்றி வந்தது. பிழைத்தவர் பலர் நெடுநாள் சோர்ந்து கிடந்தனர். அவர்களை நோக்கியே விளம்பரங்கள் பேசின. நாளிதழ்களில் செய்திபோலவே தலைப்பிட்டு, குணமடைந்தோர் வரலாறுகளை ஊர்ப்பெயருடன் அச்சிட்டனர். வாணிகம் 82 நாடுகளுக்குப் பரவியது. ஃபுல்ஃபோர்டு ஆற்றங்கரையில் மாளிகை எழுப்பினார். 1900-இல் கனடா நாட்டின் செனட் உறுப்பினரானார். 1905-இல் மோட்டார் வண்டி விபத்தில் மறைந்தார்.

மாத்திரையினுள் இருந்தது என்ன? பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் வெளியிட்ட 'இரகசிய மருந்துகள்' என்னும் நூல் அதனைப் பகுத்துக் காட்டிற்று. இரும்பு சல்பேட்டு, பொட்டாசியம் கார்பனேட்டு, மக்னீசியா, அதிமதுரப் பொடி, சர்க்கரை, அவ்வளவே. 30 மாத்திரைகள் கொண்ட பெட்டியின் விலை 2 ஷில்லிங் 9 பென்ஸ். உட்பொருள்களின் அடக்கமோ ஒரு பென்னியினும் குறைவு.

ஆயினும் இதனை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட இயலாது. இரும்பு சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்துச் சோகைக்கு வழங்கும் முறையைப் பிரான்சு நாட்டு மருத்துவர் பியேர் பிளோ 1832-லேயே வெளியிட்டிருந்தார். பாண்டு நோய்க்கு அயச்செந்தூரம் வழங்கும் நம் சித்த மருத்துவர்களும் இரும்பின் பயனை அறிந்தவர்களே. எனவே இரும்புச் சத்துக் குறைந்து வெளிறியவர்கள் இம்மாத்திரையால் நலம் பெற்றிருத்தல் கூடும். கேடு விளைந்தது அந்த மெய்யின் நிழலிலேதான். சோகைக்கு உதவிய அதே மாத்திரை வாதத்தையும், நடை தடுமாறச் செய்யும் தண்டுவட நோயையும் தீர்க்கும் என்று பறைசாற்றினர். அத்தண்டுவட நோய் முற்றிய மேகநோயின் விளைவு. இரும்பு அதனைத் தொடாது. கையிருப்பைக் கொடுத்து நம்பிக் காத்திருந்த நோயாளி பணத்தோடு காலத்தையும் இழந்தான்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர். இவ்வாணிகத்தில் மருத்துவரின் இடத்தில் நாளிதழ் வந்து அமர்ந்தது. இத்தகைய மருந்துகளைக் 'காப்புரிமை மருந்து' என்று வழங்கியதும் பொருந்தாது. மெய்யான காப்புரிமை வேண்டின் செய்முறையை வெளியிட வேண்டும். இவர்களோ பெயரை மட்டும் காத்துச் செய்முறையை மறைத்தனர்.

நம் நாடும் இதற்கு விடை தேடியது. ஆர். என். சோப்ரா தலைமையிலான குழு 1930-31-இல் மருந்து வாணிகத்தை ஆராய்ந்தது. 1940-இல் மருந்துச் சட்டம் பிறந்தது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ முறைகள் பற்றிய ஆட்சேபத்திற்குரிய விளம்பரச் சட்டம், தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களைப் பட்டியலிட்டது. அப்பட்டியலில் வாதம் உண்டு; நரம்புத் தளர்ச்சி உண்டு; பிராக்வில் மாத்திரை தீர்ப்பதாகச் சொன்ன அந்தத் தண்டுவட நோயும் உண்டு.

தளர்ந்தவன் கேட்பது நம்பிக்கை. அதனை விற்போரிடம், உள்ளே இருப்பது என்ன, அது எந்த நோய்க்கு என்னும் இரு வினாக்களை நாம் கேட்கப் பழகுதல் வேண்டும். வீட்டில் நோயுற்றவரைப் பேணுவோரின் கடமையும் அதுவே.