காணாக்கடியா, இரத்தக்குழாய் அழற்சியா?

தோலில் திடீரெனத் தடித்து, கடும் அரிப்புடன் எழுந்து மறையும் தடிப்புகளை மக்கள் காணாக்கடி என்பர். மருத்துவத்தில் இதன் பெயர் அர்ட்டிகேரியா. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமினே இதற்கு முதன்மைக் காரணம். பார்வைக்கு இதைப் போன்றே தோன்றும் மற்றொரு நோயில், தோலின் சிறு இரத்தக்குழாய்ச் சுவர்களே அழற்சியுற்றிருக்கும். அர்ட்டிகேரியல் வாஸ்குலைட்டிஸ் எனப்படும் அது அரிதானது; எனினும் தவறவிடத் தகாதது.

இரண்டையும் பிரித்தறிய முதற்கருவி கடிகாரமே. காணாக்கடியில் ஒவ்வொரு தடிப்பும் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சுவடின்றி மறையும். ‘ஆறு வாரமாக இருக்கிறது’ என்போரிடமும் பெரும்பாலும் பழையது மறைந்து, புதியது வேறிடத்தில் எழுந்துகொண்டிருக்கும். ஆகவே சொறியாத ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடிட்டு, நேரத்தைக் குறித்து, கைப்பேசியில் படமெடுத்து வைக்கவும். மறுநாள் அதே நேரத்திலும் அத்தடிப்பு கோட்டுக்குள் நீடித்தாலோ, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்தாலோ, மறைந்தபின் கன்றிய நிறம் எஞ்சினாலோ மருத்துவரை அணுகவும். நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. எஞ்சும் கருமையே கவனிக்கத்தக்கது. காய்ச்சல், மூட்டுவலி உடனிருப்பின் தாமதிக்க வேண்டாம்.

செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரை ஆலைகளில் பணிபுரிவோர் ஒரு விதிவிலக்கை அறிந்திருத்தல் நலம். பாதுகாப்புக் காலணியோ இறுகிய இடுப்புவாரோ அழுத்திய இடத்தில், சில மணி நேரம் கழித்து எழும் அழுத்தத் தடிப்பு 72 மணி நேரம் வரையிலும் நீடிக்கலாம், வலிக்கவும் செய்யும். அது இரத்தக்குழாய் அழற்சியன்று. எனவே பணியின் தன்மையை மருத்துவரிடம் தவறாமல் கூறவும்.

ஐயம் இருப்பின், புதிதாக எழுந்த தடிப்பிலிருந்து சிறு தோல் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பதே (பயாப்சி) நோயை உறுதிசெய்யும். இரத்தத்தில் சி3, சி4 புரதங்கள் குறைந்திருந்தால் சிறுநீரகம், நுரையீரல், கண் ஆகியவையும் பாதிக்கப்படக்கூடும். லூபஸ் நோய் மறைந்திருக்கவும் கூடும். மருத்துவ ஆலோசனையின்றி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வருவோரிடம் இவ்வடையாளங்கள் மங்கிவிடுகின்றன.

காணாக்கடிக்கு செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் பெரும்பாலும் போதும். குளோர்பெனிரமின் போன்ற பழைய வகைகள் மிகுந்த தூக்கம் தருவன. இரவுப் பணியில் இயந்திரம் இயக்குவோர் தவிர்க்கவும். டைக்குளோஃபினாக், ஐபுபுரூஃபன் முதலிய வலிநிவாரணிகள் தடிப்பைக் கூட்டக்கூடும். இரத்தக்குழாய் அழற்சிக்கு டாப்சோன், ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஸ்டீராய்டு முதலியவற்றுள் ஏற்றதை மருத்துவரே தேர்வார்.

தடிப்புடன் நாக்கு அல்லது தொண்டை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐ அழைக்கவும்.