எகானமி காசுக்கு பிசினஸ் கிளாஸ் - பாரமவுண்ட் ஏர்வேஸ் கதை

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர் பக்கம் இருப்பவர்களுக்கு தலைக்கு மேல் போகும் விமானத்தின் வால் கலரைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்லத் தெரியும். 2005 முதல் 2010 வரை அந்த வால்களில் ஒன்று நம் ஊர்க் கம்பெனியுடையது. பெயர் பாரமவுண்ட் ஏர்வேஸ். "விமானத்தில் சல்லிசாக பிசினஸ் கிளாஸ் கிடைக்குமா?" என்று இன்றைக்கும் ஆஃபர் தேடி அலைபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1953-ல் வந்த ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் இந்திய விமானப் போக்குவரத்தை அரசின் கைக்குக் கொண்டு போனது. உள்நாட்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் வைத்ததுதான் விலை. பேரம், ஆஃபர் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1990-களின் தொடக்கத்தில் தனியார் வந்தார்கள், 1994-ல் அந்தச் சட்டமும் போனது. அப்போது முளைத்த கம்பெனிகளில் நம் சென்னையின் என்.இ.பி.சி.யும் ஒன்று (ஆமாம், காற்றாலை செய்த அதே என்.இ.பி.சி.தான்). 1997-க்குப் பிறகு அது பறக்கவில்லை.

2003 ஆகஸ்ட்டில் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தது. 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாடு கிடையாது, சொகுசு கிடையாது, ஆனால் டிக்கெட் மலிவு. 2005-ல் ஸ்பைஸ்ஜெட், 2006-ல் இண்டிகோ என்று எல்லோரும் அதே பாதையில் போனார்கள்.

எல்லோரும் கிழக்கே போகும்போது மேற்கே போனவர் பாரமவுண்டின் எம். தியாகராஜன். மதுரை ஜவுளித் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2005 அக்டோபரில் சென்னையைத் தலைமையிடமாக வைத்துப் பறக்க ஆரம்பித்தார். விமானம் முழுக்க ஒரே வகுப்பு, அதுவும் பிசினஸ் கிளாஸ். விலையோ மற்ற கம்பெனிகளின் முழு எகானமி கட்டணத்தை ஒட்டி! கோயம்புத்தூர், மதுரை, பெங்களூர், ஹைதராபாத், கொச்சி, திருவனந்தபுரம் என்று தெற்கைச் சுற்றியே வழித்தடங்கள்.

எப்படிக் கட்டுப்படியானது? இங்கேதான் பி.காம். படிப்பவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும் :-)

அவர் எடுத்தது பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170, 175 ரக ஜெட்கள். ஒன்றில் 70 இருக்கை, இன்னொன்றில் 75. இந்த ரகத்தையே இந்தியாவுக்கு முதலில் கொண்டு வந்தது பாரமவுண்ட்தான். அந்தச் சமயத்து விதிப்படி 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்கு விமான நிலையத்தில் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. முதல் மிச்சம் அங்கே.

இரண்டாவது மிச்சம் எரிபொருளில். மத்திய விற்பனை வரிச் சட்டம் 1956, பிரிவு 14 - 'அறிவிக்கப்பட்ட சரக்குகள்'. பழைய சிலபஸில் மனப்பாடம் செய்த சீனியர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் இந்தப் பட்டியலில் ஒரு பொருள் வந்துவிட்டால் மாநில அரசால் அதன் மேல் 4 சதவீதத்துக்கு மேல் விற்பனை வரி போட முடியாமல் இருந்தது. சிறிய டர்போபிராப் விமானங்களுக்கு விற்கும் எரிபொருள் ஏற்கனவே பட்டியலில் இருந்தது. 2007 பட்ஜெட்டில் ப. சிதம்பரம், 40,000 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள எல்லாச் சிறிய பயணிகள் விமானங்களுக்கும் அதை விரித்தார். எம்ப்ரேயர் அந்த எடைக்குள் அடங்கும். ஏர்பஸ் 320-ம் போயிங் 737-ம் அடங்காது.

ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டில் பெரிய விமானங்களின் எரிபொருளுக்கு வரி 29 சதவீதம். 100 ரூபாய் எரிபொருளுக்கு பெரிய விமானம் 129 ரூபாய் கொடுக்கும், பாரமவுண்ட் 104 கொடுக்கும். பில்லில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். விமானக் கம்பெனியின் செலவில் மிகப் பெரியதே எரிபொருள்தான் என்னும்போது இது சாதாரண விஷயமில்லை.

ஆக, கோயம்புத்தூர் போகும் முதலாளிக்குக் கிடைத்த அந்த சல்லிசு விலையில் ஒரு பங்கு, மாநிலக் கஜானாவுக்கு வராமல் போன வரி. சிறிய ஊர்களுக்கு விமானம் போகட்டும் என்று கொடுத்த சலுகை அது. மதுரைக்கும் கோவைக்கும் போனார்கள் என்பது உண்மை. ஆனால் அதே சலுகையில் சென்னை - பெங்களூரும் பறந்தது. இதில் பாரமவுண்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, விதியை ஒழுங்காகப் படித்து அதற்கேற்ற விமானம் வாங்கியது வியாபார சாமர்த்தியம். விதியை எழுதியவர்கள்தான் ஊரைப் பார்க்காமல் எடையைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எம்ப்ரேயர் 170-ல் 70 இருக்கை என்பது மற்ற நாடுகளில் சாதாரண எகானமி அமைப்பு! இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட், நடு சீட் என்ற தொல்லை கிடையாது. அந்த வசதி விமானத்தின் பிறவிக்குணம், கம்பெனி செலவழித்துச் செய்ததில்லை. அதன் மேல் உபசரிப்பைச் சேர்த்து பிசினஸ் கிளாஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. ஏர்பஸ்ஸின் நடு சீட்டில் முழங்கை மடக்கி உட்கார்ந்து வந்தவருக்கு அது சொகுசுதானே?

வேடிக்கை என்னவென்றால், இதே 2005 கடைசியில் அட்லாண்டிக் கடலுக்கு மேலேயும் இதே யோசனை பறந்தது. லண்டன் - நியூயார்க் இடையே இயோஸ், மேக்ஸ்ஜெட் என்ற இரண்டு கம்பெனிகள், விமானம் முழுக்க பிசினஸ் கிளாஸ். இயோஸ் ஒரு போயிங் 757-ல் வெறும் 48 சீட்தான் வைத்தது. பின்னால் சில்வர்ஜெட்டும் சேர்ந்தது. மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பரில் மூடியது, இயோஸ் 2008 ஏப்ரலில், சில்வர்ஜெட் அதற்கடுத்த மாதம். கச்சா எண்ணெய் ஏறிக்கொண்டே போய் 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது.

பாரமவுண்ட் அந்த வருடம் தப்பியது. வரிச் சலுகையும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சலுகை தொடாத செலவு ஒன்று இருந்தது: விமான வாடகை. எம்ப்ரேயர்கள் சொந்தமில்லை, குத்தகை. வாடகை டாலரில், டிக்கெட் விற்பதோ ரூபாயில். 2008 தொடக்கத்தில் 39 ரூபாய் சில்லறையாக இருந்த டாலர் 2009 மார்ச்சில் 50-ஐத் தாண்டியது. ஒரு பைசா வாடகை ஏறாமலே வாடகை கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது! அதே நேரம் உலகப் பொருளாதாரச் சரிவில் கம்பெனிகள் பயணச் செலவைக் குறைத்தன. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் கட்டுவது பயணி இல்லை, அவருடைய ஆபீஸ். ஆபீஸ் கையை மூடினால் பயணி பக்கத்து கவுண்டரில் இண்டிகோவுக்குத்தான் நிற்பார். 180 சீட்டுக்கு இரண்டு பைலட் என்ற கணக்கோடு 70 சீட்டுக்கு இரண்டு பைலட் போட்டி போடுவது எவ்வளவு நாள்?

குத்தகைக்கு விட்ட நிறுவனத்தோடு தகராறு முற்றி நீதிமன்றம் வரை போனது. விமானங்கள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. 2010-ல் பாரமவுண்ட் பறப்பது நின்றது. சொகுசுக்குப் பேர் போன கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில்.

வரிக் கதை மட்டும் முடியவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும் விமான எரிபொருள் அதற்கு வெளியேதான் நின்றது. பாரமவுண்ட் விட்டுப்போன எம்ப்ரேயர் 175-ஐ 2023-லிருந்து ஸ்டார் ஏர் இந்தியாவில் ஓட்டுகிறது. இந்த முறை விமானம் முழுக்க பிசினஸ் இல்லை. 12 சீட் பிசினஸ், 64 சீட் எகானமி. மொத்தம் 76. எண்பதுக்குக் கீழே நிற்பதைக் கவனித்தீர்களா?