பட்டிப்பூவும் ஒன்ராறியோவும்



விக்ரோறியா தினம் கழிந்த கையோடு ஸ்காபரோவில் எந்தப் பூங்கன்றுக் கடைக்குப் போனாலும் ‘வின்கா’ என்று பெயரெழுதிய தட்டுகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் ஒரு பூ இருக்கும். காசு கொடுத்து வாங்குகிறோம். ஊரிலே கிணற்றடியிலும் வேலியோரத்திலும் தானாக முளைத்து, ஆடும் கடிக்காமல் நின்ற நம்முடைய பட்டிப்பூத்தான் அது. தமிழகத்தார் நித்தியகல்யாணி என்பர். சொந்த நாடு மடகஸ்கார். அழகுக்காகவே வெப்பநாடுகள் எங்கும் கொண்டுபோய் நட்டார்கள்.

இந்தப் பூவுக்கு ஒன்ராறியோவில் ஒரு சரித்திரம் உண்டு.

1952இல் ரொறன்ரோ வைத்தியர் கிளார்க் நோபிளுக்கு ஜமேக்காவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே 25 பட்டிப்பூ இலைகள். அங்கே நீரிழிவுக்கு இதை அவித்துக் குடிக்கிறார்களாம். (1921இல் பான்ரிங்குக்கு உதவியாளராக முதலில் யார் போவது என்று நாணயம் சுண்டி, பெஸ்டிடம் தோற்றவர் இந்த நோபிள் என்பார்கள். வென்றிருந்தால் இன்சுலின் கதையில் இவர் பெயரல்லவா இருந்திருக்கும்!) அவர் அந்த இலைகளை ஒன்ராறியோ லண்டனில், வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம்பி றொபேட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்ததாகத் தெரியவில்லை. சாற்றை ஊசியால் ஏற்றியபோதோ எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. இரத்தத்தில் வெள்ளணுக்கள் விழுந்திருந்தன, எலும்பு மச்சையும் பழுதாகியிருந்தது. வேறொருவரென்றால் அத்தோடு விட்டிருப்பார். றொபேட் நோபிள் மறுபக்கமாக யோசித்தார்: வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதல்லவா இரத்தப் புற்றுநோய்? 1954இல் வந்து சேர்ந்த இரசாயனவியலாளர் சார்ள்ஸ் பியர், அந்த வேலையைச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்ரின். 1959இல் ரொறன்ரோ பிறின்சஸ் மார்கிறட் மருத்துவமனையில் நோயாளருக்குக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே கிடைத்த வின்கிறிஸ்ரின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கைகொடுக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் முற்றத்துப் பூவைப் பிடுங்கி அவிக்க வேண்டாம். ‘சீனிக்கு நல்லது’ என்று எனக்கே ஒரு பெரியவர் இலை பறித்துத் தந்திருக்கிறார். வேரிலிருந்து பூ வரை நஞ்சு. மருந்தாகும்போது அளவு மிகக் கொஞ்சம், அதுவும் வைத்தியர் கண்காணிப்பில்.

நடுவதென்றால் இரவுக் குளிர் நன்றாக விட்டபிறகு, வெயில் விழும் இடத்தில் நடுங்கள். அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். முதல் உறைபனி வரைக்கும் பூக்கும்.